அரை விசில்

காபி கொடுத்தால் இந்த மனிதர் இன்னும் அரை மணி நேரம் உட்காருவார். கொடுக்காவிட்டால், வீடு தேடி வந்தவருக்கு ஒரு வாய் காபி கொடுக்கவில்லையே என்று நான் சாயங்காலம்வரை உட்கார்ந்து யோசிப்பேன். இரண்டில் எது சீக்கிரம் முடியும்?

காபிதான் என்று முடிவு செய்து சுகிர்தா எழுந்து போய் டம்ளரோடு திரும்பி வந்தாள்.

வந்தவர் பெயர் ஆதிரன். நாற்பது வயதிருக்கும். 'முதல்வாய்' நிறுவனத்தின் திருச்சிக் கிளையில் ஒப்புதல் அலுவலர். வந்து பத்து நிமிடம் ஆகியும் ஒரு வாக்கியத்தைக்கூட அவர் ஒழுங்காகச் சொல்லி முடிக்கவில்லை. காரணம், அவருடைய இடது மணிக்கட்டில் இருந்த பட்டை. அவர் பேசினாலும் சரி, பக்கத்தில் வேறு யார் பேசினாலும் சரி, வாயிலிருந்து வந்த சொற்கள் ஏற்கெனவே யாருக்காவது சொந்தமாக இருந்தால் அது மெல்ல அதிரும். யாருக்குச் சொந்தம் என்றும் எழுதிக் காட்டும்.

"உங்க வீட்டுக்குள்ள வந்ததுமே மனசுக்கு ஒரு..." என்று ஆரம்பித்தார். பட்டை அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். "பரமக்குடியில ஒரு அம்மா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, "நல்ல காத்தோட்டமான வீடுங்க," என்று முடித்தார். அதற்கும் அதிர்ந்தது. அதை மட்டும் கவனிக்காதவர்போல இருந்துவிட்டார்.

"அதைக் கழட்டி வெச்சுட்டுப் பேசலாமே தம்பி."

"வேலை நேரத்துல கழட்டக் கூடாது மேடம். இப்ப வீட்லயும் பழக்கமாயிடுச்சு." காபியை ஒரு வாய் குடித்தார். "போன மாசம் என் மனைவிகிட்ட, நீ ஊருக்குப் போயிட்டா இந்த வீடு விடியவே மாட்டேங்குதுன்னு சொன்னேன். உடனே தேடிப் பார்த்துட்டா. அம்பாசமுத்திரத்துல மெஸ் நடத்துற ஒரு அம்மா சொன்னதாம். யாரு அந்தப் பொம்பளைன்னு மூணு நாள் என்கூடப் பேசல."

"அப்புறம்?"

"அவங்களுக்கு எண்பத்தி நாலு வயசுன்னு போட்டோவைக் காட்டினேன். சமாதானமாயிட்டா."

பாவம், என்று நினைத்தாள் சுகிர்தா. அந்தப் பெண்ணுக்காகவா இவருக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல்வாயில் ஒரு சொற்றொடரைத் தட்டினால் அதை முதன்முதலில் சொன்ன வாய் யாருடையது, எந்த ஊர், எந்தத் தேதி என்று வந்து நிற்கும். அது தொடங்கிய புதிதில் எல்லாரும் பெரிய பெரிய பெயர்கள் வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். மேடைப் பேச்சாளர்கள், வசனம் எழுதுகிறவர்கள், சட்டசபையில் முழங்கியவர்கள். வந்ததெல்லாம் சமையலறைகள். தருமபுரியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி, தூத்துக்குடியில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி. சொல்வன்மைக்குப் பட்டம் வாங்கிய ஒரு பேச்சாளரின் புகழ்பெற்ற நாற்பது வரிகளில் முப்பத்தொன்று அடுப்படிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தபோது அவர் தொண்டைக்குச் சிகிச்சை என்று சொல்லி வெளியூர் போய்விட்டார்.

எல்லாம் விசில்காரியின் வேலை. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வாங்கி மாட்டிய சாமான் அது. அப்பளம் அளவு, வட்டமாக, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணி, சொன்ன கணக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிடும். விசிலை எண்ண வேண்டுமென்றால் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வாங்கும்போது யாருக்கும் தோன்றவில்லை. அது பருப்புக்கு மூன்று என்று எண்ணியது. கூடவே மாமியாரைப் பற்றி, மருமகளைப் பற்றி, பக்கத்து வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டு எங்கேயோ கொண்டுபோய் அடுக்கியது. பிறகு வழக்கு நடந்தது. பேசியவரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஆதிரனுக்கு வேலை கிடைத்ததே அந்தத் தீர்ப்பினால்தான்.

"உங்க நாத்தனார் மதிவதனி டீச்சர் விஷயமாத்தான் வந்தேன்," என்றார் அவர்.

"தெரியும். அரை விசில்."

இப்போது அந்தச் சொல்லைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு அறிவிப்பை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நழுவிய அமைச்சரைப் பற்றி 'அமைச்சர் அரை விசில்' என்று செய்தி வருகிறது. காதலைச் சொல்ல வந்து வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிற பையனை அரை விசில் என்கிறார்கள் பெண்கள். வலி எங்கே என்று கேட்டால் விழிக்கிற நோயாளியிடம், "அரை விசில் வேண்டாம், முழுசா விடுங்க," என்கிறார் டாக்டர். அது பரவிய வழியும் எல்லாருக்கும் தெரியும். உறையூர்ப் பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எடுத்த மதிவதனி டீச்சர், விடை தெரிந்தும் வாயைத் திறக்காத பிள்ளைகளை அப்படித்தான் விரட்டினாள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து டாக்டராகவும் செய்தி ஆசிரியராகவும் போன இடமெல்லாம் அந்தச் சொல்லும் கூடவே போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவிகள் சேர்ந்து பள்ளி அரங்கத்தில் வதனிக்கு விழா எடுக்கிறார்கள். அதற்காகத்தான் டீச்சர் பெயரைப் பதிந்து சான்றிதழ் தரச் சொல்லி முதல்வாய்க்கு எழுதிப் போட்டிருந்தார்கள். சான்றிதழை மேடையில் படிப்பதாக ஏற்பாடு. வதனி புதுப்புடவைகூட எடுத்துவிட்டாள்.

"சிக்கல் என்னன்னா மேடம், டீச்சரோட வகுப்புக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு பதிவு இருக்கு. இந்த வீட்டுச் சமையலறையில. குரல் உங்களோடது."

இப்படி ஒரு நாள் வரும் என்று சுகிர்தா நினைத்ததே இல்லை. ஆனால் வந்தபோது, ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் தோன்றியது.

ஆதிரன் ஒலிப்பதிவை ஓட்டினார். மிக்சி ஓடி நின்றது. கடுகு பொரிந்தது. பிறகு மெல்லிசான, அவசரமான ஒரு பெண்குரல். இது நானா, இவ்வளவு சின்னப் பெண்ணாகவா இருந்தேன்.

"ஏங்க, உங்க தங்கச்சி அரை விசில்ங்க. ஸ்ஸ்ஸுன்னு வருது, ஏதோ சொல்லப் போறான்னு பார்த்தா, அடங்கிடுது. இதை நம்பி இறக்கினா பருப்பு வேகாது."

உடனே ஒரு ஆணின் சிரிப்பு, பாதியில் இருமலாக மாறியது. அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். சிரித்தவர், அவள் கணவர், போய் ஆறு வருடம் ஆகிறது. கல்யாண வீடியோவில் விறைப்பாக நிற்கிறார், பிறந்தநாள் வீடியோக்களில் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். இந்த இருமல் கலந்த சிரிப்பு வேறு எங்கேயும் இல்லை. முதல் தடவை அவள் அதை மட்டும்தான் கேட்டாள். இரண்டாவது தடவைதான் தன்னைக் கேட்டாள்.

"உடன் இருந்தவர்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். அதுல இயந்திரம் 'ஏங்க'ன்னு எழுதியிருக்கு. அதை மாத்தணும்."

"அருள்மொழி. என் வீட்டுக்காரர்."

"மன்னிக்கணும். ஆரம்பத்துல ஏங்கங்கிறதை அது ஒரு ஆள் பேருன்னு நினைச்சுடுச்சு. தமிழ்நாட்டு ஆண்கள்ல அதிகம் பேருக்கு வெச்ச பேரு ஏங்கன்னு ஒரு வருஷம் எங்க தளத்துலயே போட்டிருந்துச்சு. அவரு எல்லா மாவட்டத்துலயும் இருக்கார், எல்லார்கிட்டயும் திட்டு வாங்குறார்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த இடத்தில் அந்தக் காலை நேரம் இருந்தது.

அன்று வதனி மூன்று தடவை சமையலறைக்குள் வந்தாள். முதல் தடவை, "அண்ணி, அந்த ஓசூர்ச் சம்பந்தம்..." என்று ஆரம்பித்துவிட்டுப் பூண்டு உரித்துக் கொடுத்தாள். இரண்டாவது தடவை, "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு," என்றவள், தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். மூன்றாவது தடவை ஒன்றுமே சொல்லாமல் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு நின்றாள். தொண்டையில் என்ன நிற்கிறது என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. இருபத்தேழு வயதில் தெரியாமல் என்ன. "என்னடி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெளியே வந்திருக்கும். வந்திருந்தால் மாமனாரிடம் போய்ச் சொல்லுகிற வேலை சுகிர்தாவின் தலையில் விழுந்திருக்கும். கல்யாணப் பத்திரிகை வேறு அச்சுக்குப் போயிருந்தது. கேட்பதைவிடச் சிரிப்பது சுலபமாக இருந்தது. அதனால் அவள் கணவரிடம் ஒரு நல்ல வாக்கியம் சொல்லிச் சிரித்தாள்.

மூன்று வருடம் கழித்து ஓசூரிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வதனி திரும்பி வந்தாள். பி.எட். படித்தாள். வேலைக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளித் தனியாக வீடு பார்த்துக்கொண்டாள். அண்ணி அண்ணி என்று உயிரை விடுவாள். அது வேறு.

"மூணு வழி இருக்கு மேடம்," என்றார் ஆதிரன். "ஒண்ணு, நீங்க ஒப்புக்கலாம். உங்க பேரு வரும், கூடவே இந்தப் பதிவும் வரும். யாரு வேணா கேட்கலாம். ரெண்டு, அடுத்த ஆளுக்கு விட்டுக்கொடுக்கலாம். அதாவது டீச்சருக்கு. பதிவு வெளியில வராது. ஆனா ஏத்துக்கறதுக்கு முன்னாடி அவங்க ஒரு தடவை இதைக் கேட்டாகணும், அது விதி. மூணு, மறுத்துடலாம். அப்ப 'மூலம் அறியப்படவில்லை'. யாருக்கும் கிடையாது."

"ஞாயித்துக்கிழமை?"

"சான்றிதழ் இருக்காது."

"நான் சொல்லவே இல்லைன்னு சொன்னா?"

"குரல் இருக்கே மேடம்."

நாடு முழுக்க ஒரு பெண்ணைப் பெருமையாகப் பேச வைத்த சொல், அவளையே கேலி செய்யப் பிறந்தது. அதை அவள் காதில் போடாமல் அவள் பெயரை மேடையில் ஏற்ற வழி இல்லை. சுகிர்தா மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தாள். நாலாவதாக ஒன்று கிடைக்காதா என்றும் பார்த்தாள். அதற்குள் வாசல் கேட் கிறீச்சிட்டது.

"நான்தான் டீச்சரைப் பதினொன்றரைக்கு வரச் சொன்னேன்," என்றார் ஆதிரன். "ரெண்டு பேரும் இருந்தா ஒரே வேலையா..." பட்டை அதிர்ந்தது. நிறுத்திக்கொண்டார்.

வதனி கையில் ஒரு பையோடு உள்ளே வந்தாள். சுகிர்தாவைவிட இரண்டு வயது சின்னவள். வகுப்பறைக்குள் நுழைகிற மாதிரிதான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாள்.

"என்ன அண்ணி, விசாரணைக்கு வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. சார், காபி குடிச்சீங்களா? முதல் வாயில ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது வாயிலதான் காபின்னு கண்டுபிடிக்க முடியும்." பையை மேசைமேல் வைத்தாள். "சுண்டைக்காய். நம்ம மாடியில காய்ச்சது. சரி சொல்லுங்க, என் சான்றிதழ் என்ன ஆச்சு?"

ஆதிரன் சுகிர்தாவைப் பார்த்தார். சொல்ல வேண்டியவள் நான்தான், அவர் வாயால் வரக் கூடாது என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வதனி, பழைய பதிவு ஒண்ணு கிடைச்சிருக்காம். அதுல... அன்னிக்கு நீ சமையக்கட்டுக்கு வந்தே பாரு, அப்ப நான்..."

வதனி காத்திருந்தாள். புருவத்தைக்கூட உயர்த்தவில்லை.

"...சுண்டைக்காய் நல்லா திரண்டிருக்கே," என்றாள் சுகிர்தா.

வதனி சிரித்தாள். "பார்த்தீங்களா சார் எங்க அண்ணியை. ஸ்ஸ்ஸுன்னு வருது, ஏதோ சொல்லப் போறாங்கன்னு பார்த்தா, அடங்கிடுது."

ஆதிரனின் பட்டை அதிர்ந்தது. வழக்கம்போலக் குனிந்து பார்த்தவர், நிமிரவே இல்லை.

"டீச்சர்," என்றார் மெதுவாக. "நீங்க இப்ப சொன்னது இன்னும் வெளியிடாத ஒரு பதிவுல இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை. இதுவரைக்கும் என்னையும் மேடத்தையும் தவிர யாரும் கேட்டதில்லை. உங்களுக்கு எப்படி..."

"அந்தச் சமையல்கட்டுல ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு சந்து உண்டு சார். அப்ப நான் ஒல்லி."

வதனி பையிலிருந்து இரண்டு சுண்டைக்காயை எடுத்துக் காம்பு கிள்ளினாள்.

"இதை நம்பி இறக்கினா பருப்பு வேகாதுன்னும் சொன்னாங்க. எங்கண்ணன் சிரிச்சுச் சிரிச்சு இருமினான். சரியா?"

"சரிதான் டீச்சர்," என்றார் ஆதிரன், விடைத்தாளைத் திருத்திக் கொடுப்பவர்போல.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் சுகிர்தா.

"தெரியும்."

"இத்தனை வருஷமாவா?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன் அண்ணி. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆரம்பிப்பீங்க. 'வதனி, அன்னிக்கு'ம்பீங்க. அப்புறம் முறுக்கு எடுத்துக்கோம்பீங்க." அவள் ஆதிரன் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணி முறுக்கை நீங்க கடிச்சதில்லையே சார். இவங்க சொல்லாம விட்ட வார்த்தைக்கெல்லாம் சேர்த்து நான் பல்லைக் கொடுத்திருக்கேன்."

ஆதிரனுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சுகிர்தா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் எதை ஒளித்து வைத்தாளோ, அதை ஒளித்த இடம் வதனிக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. வதனி கேட்டிருக்கலாம். இவளும்தான் வாயைத் திறக்கவில்லை. உடனே, அன்று மூன்று தடவை வந்தாளே என்ற நினைப்பு வந்து கோபம் அடங்கியது.

"அப்புறம் ஏன் டீச்சர் அதையே வகுப்புல..." என்றார் ஆதிரன்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு பொண்ணு எழுந்து நிக்கிறா. விடை தெரியும், சொல்ல மாட்டேங்குறா. உதடு மட்டும் ஆடுது. எனக்கு எரிச்சலா வந்துச்சு. வாயில வந்தது அண்ணியோட வார்த்தைதான். 'அரை விசில் விடாதே, முழுசா விடு'ன்னேன். சொல்லிட்டா. சரியான விடை." காம்பைக் கிள்ளி முடித்தாள். "அந்த 'முழுசா விடு' என்னோடது சார். அதை யாரும் எனக்குச் சொல்லல. வேணும்னா தேடிப் பாருங்க."

ஆதிரன் தேடிப் பார்த்தார். "உங்களோடதுதான் டீச்சர்," என்றார்.

"தெரியும்."

அதற்குப் பிறகு வேலை சுலபமாக முடிந்தது. பதிவைக் கேட்டதாக வதனி ஒப்புக்கொண்டாள். இன்னொரு தடவை கேட்கிறீர்களா என்றதற்கு, அண்ணன் சிரிப்பை மட்டும் போடச் சொல்லிக் கேட்டாள். அப்போது மட்டும் அவள் முகம் வகுப்பறை முகமாக இல்லை. சுகிர்தா விட்டுக்கொடுப்புப் படிவத்தில் விரலை வைத்தாள். 'மதிவதனி, உறையூர்' என்று பெயர் ஏறியது. வதனி சுண்டைக்காயை எடுத்துக்கொண்டு, "குக்கர் வைக்கட்டுமா அண்ணி? சார் புண்ணியத்துல மணி பன்னிரண்டாகுது," என்று உள்ளே போனாள்.

ஆதிரன் எழுந்தவர், போகவில்லை.

"மேடம், ஒரு வேண்டுகோள்."

"சொல்லுங்க தம்பி."

"உங்க விசில்காரி இன்னும் வேலை செய்யுதில்ல? பச்சைப் புள்ளி தெரியுது." சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "எங்ககிட்ட வார்த்தை பிறந்த இடமெல்லாம் இருக்கு மேடம். பிறந்த பிறகு அந்த வீட்ல என்ன ஆச்சுங்கிறது ஒண்ணுகூட இல்ல. நீங்க டீச்சர்கிட்ட இத்தனை வருஷமா சொல்ல வந்தது ஒண்ணு இருக்கே. அதை இப்ப போய் அது பக்கத்துல நின்னு சொன்னீங்கன்னா போதும். மன்னிப்புக் கேட்கிறதுக்குன்னு எங்க தொகுப்புல இருக்கிறதெல்லாம் தேஞ்சு போன வாக்கியம். ஒரு நாளைக்கு நாலு லட்சம் பேர் அதைத்தான் தேடி எடுத்துச் சொல்றாங்க. கேட்கிறவங்களும் தேடிப் பார்த்துட்டு, இது உன்னோடது இல்லையேங்கிறாங்க. போன வருஷம் எங்கப்பா படுத்திருந்தப்போ நானும் அவர்கிட்ட ஒண்ணு சொல்லப் போனேன். பட்டை அதிர்ந்துச்சு. சொல்லாம வந்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பட்டை சும்மா இருந்தது. அத்தனை நீளம் பேசியும் ஒரு தடவைகூட அதிரவில்லை. அது அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

சுகிர்தாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் என்னிடம் புதிதாக என்ன இருக்கிறது? நான் சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. நாலும் உலகத்திலேயே பழைய வார்த்தைகள். இந்நேரம் எந்த ஊரிலாவது ஒருத்தி அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

உள்ளே போனாள். வதனி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு நின்றாள். இப்போது அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது. சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, விசில்காரியைச் சுவரிலிருந்து பிய்த்தாள். அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது.

"ஐயோ, யாரு எண்ணுறது?" என்றாள் வதனி.

"நீதானே கணக்கு டீச்சர்."

வெளியே வந்து அதை ஆதிரன் கையில் வைத்தாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே குக்கர் ஸ்ஸ்ஸென்று ஆரம்பித்தது.

"ஒரே ஒரு வாக்கியம் மேடம்," என்றார். "பேரு இல்லாமகூடப் போட்டுக்கலாம்."

"வேண்டாம் தம்பி," என்றாள் சுகிர்தா. "டம்ளரை அங்கேயே வெச்சுடுங்க." உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.